யாரும் திறக்காத பின்னிணைப்பு

நானூற்றுப் பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை அது. அதன் நான்காவது பின்னிணைப்பை இதுவரை எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று இருந்தது. துர்காதேவி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பூஜ்யந்தான்.

கோட்டையூரில் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தபடி, ஆய்வுக் கட்டுரைகளைச் சலித்துக் கொடுப்பது அவள் வேலை. எது நாளைக்கு மருத்துவத்தையே புரட்டிப்போடும் என்று கண்டுபிடித்து மதிப்பெண் போட வேண்டும். கட்டுரைக்கு எட்டு நிமிடம். சுருக்கத்தையும் முடிவுரையையும் படிப்பாள், யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பாள், அவ்வளவுதான். பின்னிணைப்பைப் படிக்கிற பைத்தியம் அந்தத் தொழிலில் யாருக்கும் பிடிக்கவில்லை.

தசை கரையும் நோய்க்கு மருந்து சொன்ன இந்தக் கட்டுரைக்குப் பத்துக்குப் பத்து போட்டவள் அவள்தான். ஒன்பது வயது மகன் முத்தரசு இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் கிடக்கும்போது எந்தத் தாய் ஒன்பது போடுவாள்? அந்தப் பத்தை நம்பி மதுரையில் மனிதர்களுக்கு ஊசி போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு ஓர் இடம் வாங்கினாள். ஊசி போட்ட நாளிலிருந்து, இருபது நாளாக நடக்கிறான். இப்போதும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

கட்டுரைக்கு இரண்டாவது மதிப்பெண் போட்ட மெய்யநாதனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், நாலாவது பின்னிணைப்பப் பாத்தீகளா?"

"நீங்க பத்துப் போட்டிருந்தீக, நானும் அதையே போட்டேன். எப்பவும் அப்படித்தானே மேடம்?"

மூன்று மணிக்கே வானம் மூடிக்கொண்டு, மின்சாரமும் போய், ஈரச் சுண்ணாம்பு வாடையும் புறா எச்ச வாடையும் கலந்து அறைக்குள் இறங்க, மடிக்கணினியின் வெளிச்சத்தில் அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். வெளியே காலடிச் சத்தம் சீராக, சற்றும் களைக்காமல், தூணுக்குத் தூண் போய் வந்தது.

ஒரே ஓர் அட்டவணை. ஊசி போட்ட குட்டி எலிகளைத் தாயோடு ஒரே கூண்டில் விட்டிருந்தார்கள். இடது பக்கம் குட்டியின் எடை, நாளுக்கு நாள் ஏறியது. வலது பக்கம் தாயின் எடை.

முப்பத்தொன்று. இருபத்தாறு. பத்தொன்பது. பன்னிரண்டு.

இருபத்தோராம் நாளில் எண் இல்லை. ஒரு கோடு.

இருபது இரவும் அவன் அவளைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினான். ரவிக்கைகள் தொளதொளத்தபோது ஆஸ்பத்திரி அலைச்சல் என்று நினைத்தாள். காலையில் எட்டு மாதப் பாப்பா விசாலியைத் தொட்டிலில் இருந்து தூக்க முடியவில்லை. கணவன் பாண்டிமுருகன்தான் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சிவகங்கைக்கு வேலைக்குப் போனான்.

அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் ஒரே நாளில் இறந்தன. பிரிக்காதவை, தாய் தீர்ந்தபின், உடன்பிறந்த குட்டியோடு ஒட்டிக்கொண்டன.

காலடி நின்றது.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். தொடை அசையவில்லை. கையை ஊன்றினாள். கை மடங்கியது.

முத்தரசு உள்ளே வந்தான். கன்னம் இரண்டும் கொழுகொழுவென்று, நோயே தொடாத பிள்ளை மாதிரி இருந்தான். பெற்ற பிள்ளையைக் கண்டு பயந்தாள். பயந்ததற்காக வெட்கப்பட்டாள்.

"அம்மா, கொஞ்ச நேரம் படுத்துக்கிறேனே."

தள்ளிவிடலாம். தள்ளினால் நாளைக்கு அவன் இருக்க மாட்டான். இருந்த பலத்தை எல்லாம் கூட்டி, அவனை அவளே இழுத்து அணைத்துக்கொண்டாள். கழுத்தில் அவன் முகம் சுட்டது. அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துப்போயின.

கொஞ்ச நேரங்கூட ஆகவில்லை. அவன் தலையைத் தூக்கினான்.

"ஒங்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா."

கோபமில்லாமல்தான் சொன்னான். அவள் தலை சாய்ந்துவிடாமல் நாற்காலியில் சரியாகச் சாய்த்து வைத்தான். நல்ல பிள்ளை.

"நான் பாப்பாகிட்ட போறேன்."

கத்தினாள். சத்தம் வரவில்லை. உதடுகூடப் பிரியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

பாப்பா திடுக்கிட்டு விழித்துவிடக் கூடாதென்று அவன் தொட்டில் இருந்த அடுத்த அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். தொட்டில் கயிறு ஒருமுறை முனகியது. உள்ளே, அண்ணனைக் கண்ட சந்தோஷத்தில், பாப்பா கெக்கெக்கென்று சிரித்தது.