இனிப்புக் கரைசல்

மருந்துகாட்டி பச்சை விளக்கைக் காட்டிவிட்டால் அப்புறம் கும்பகோணத்தில் எந்த மருத்துவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ரத்தத்தில் புகுந்து காய்ச்சலைக் கிளப்பும் நொதிப்பூஞ்சையை அந்தக் கருவி தானே வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். வீட்டுக்கு வீடு அதுதான். அப்படிப்பட்ட கருவி திரும்பத் திரும்பப் பச்சை காட்டியும் மாசிலாமணிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

அவனுடைய அக்கா நாச்சியார் கருவியையே பிரித்துப் பார்க்க உட்கார்ந்தாள். உட்காராமல் பின்னே? கருவியைக் கண்டுபிடித்தவளே அவள்தான்! திருகைக் கழற்றி, உள்ளே இருந்த வளர்ப்புக் கரைசலைச் சோதித்தாள். சர்க்கரை. பாகு காய்ச்சலாம் போல அவ்வளவு சர்க்கரை.

அவள் வகுத்த கரைசல் இதுவா? இல்லவே இல்லை. காய்ச்சல்காரன் உடம்புக்குள் என்ன சூடோ, என்ன பற்றாக்குறையோ, அதை அப்படியே அதில் வைத்திருந்தாள். பூஞ்சை மெதுவாகத்தான் வளரும், பதில் வர இரண்டு நாள் ஆகும், ஆனால் அந்தப் பதில் உடம்புக்குள்ளும் செல்லுபடியாகும். இனிப்பில் கொழுத்த பூஞ்சையோ மருந்து பட்டதும் பொத்தென்று விழுந்துவிடுகிறது. அதே பூஞ்சை தம்பியின் ரத்தத்தில் பட்டினி கிடந்து பழகி, அதே மருந்தைச் சட்டை செய்யவே இல்லை.

மாற்றியது யார் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தயாரிப்பு முழுக்க அவளுடைய கூட்டாளி கலியமூர்த்தி கையில். 'கருவியின் கண்ணைக் கூர்மையாக்கிட்டோம், அதான் இந்த வேகம்' என்று சொன்னாரே, பாவி மனுஷன்! கூடப் பிறக்காத அண்ணன் என்று அவளும் தலையாட்டினாளே!

தம்பியின் ரத்தக் குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போய் நின்றாள். "ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க?"

கலியமூர்த்தி மழுப்பவில்லை. "ரெண்டு நாள் யாரும்மா காத்துக்கிட்டு இருப்பா? வாங்க ஒருத்தரும் வரல. கரைசலை மாத்தினேன், சனங்க கொண்டாடினாங்க. நீயும்தானே மேடையேறி மாலை வாங்கிக்கிட்ட?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா விட்டிருப்பியா?"

அப்போதுதான் கூடத்து அலமாரியில் அதைப் பார்த்தாள். அவள் கைப்பட மூட்டிய முதல் கருவி, அவளுடைய பழைய கரைசலோடு. உடைந்துபோயிற்று என்று சொல்லியிருந்தார். விளக்கு மினுங்கியது. ஏதோ சோதனை ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்கு ஓடுது?"

அவர் குரல் இறங்கியது. "பேத்திக்கு. அவளுக்கும் அதே காய்ச்சல். நாளைக்குப் பதில் வந்துரும்."

நாச்சியார் விறுவிறுவென்று அலமாரியருகே போனாள். ஊருக்கெல்லாம் பாகு, இவர் வீட்டுக்கு மட்டும் நிஜமா? அந்தக் கரைசலைப் புதிதாகக் காய்ச்ச வாரக்கணக்காகும். மாசிலாமணி இன்னும் இரண்டு நாள் தாங்கினாலே பெரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கருவிக்கோ இருப்பது ஒரே சோதனை அறை, ஒரு குப்பிதான் கொள்ளும்.

மூடியைத் திறந்தாள்.

"நாச்சியா, வேணாம்மா! குழந்தைம்மா!"

பேத்தியின் குப்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். தம்பியின் குப்பியை உள்ளே இட்டு மூடியை இறுக்கினாள்.

"எதுக்குண்ணே பதறுறீங்க? அதோ மூலையில இருக்கே, ஊருக்குக் கொடுத்த கருவி, அதுல போடுங்க. ஒரு மணி நேரத்துல பச்சை காட்டிரும்."

கலியமூர்த்தி அந்தக் கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் காலில் விழுந்தார்.