அப்பா தொடாத மணிக்கட்டு

விருந்தினராக வந்த பெண் வயலின் கலைஞர் தனி ஆள்; பக்கவாத்தியக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் இசைத்துறையின் ஒத்திகை அறையில், ஒவ்வொரு முறை வில் இழுபடுவதற்கு முன்னும், வேறு யாரோ மூக்கால் நீளமாக மூச்சிழுக்கும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

துறைத்தலைவர் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டார். அது அவருடைய அப்பாவின் மூச்சு. அப்பா போய் வருடக்கணக்காகிறது.

இந்தத் துறையை உருவாக்கியவரே அப்பாதான். அவர் நினைவுக் கச்சேரியை இந்த முறை அவருடைய வயலினிலேயே நடத்துவதென்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. காலையில் அதைப் பெட்டியோடு அந்தக் கலைஞரிடம் எடுத்துக் கொடுத்தது மகனான அவர்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா கூப்பிட்டுக் கொடுக்காததைத் தொடுவது குடும்பத்துக்கு அழகல்ல.

பக்கத்து அறைப் பாட்டு ஆசிரியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “கேட்டீங்களா சார்? அப்படியே பெரியவர் கை! வாரிசு இங்க நிக்குது, வித்தை அங்க போய் உக்காந்துக்கிச்சு.”

எந்த மாணவருக்கும் மணிக்கட்டைப் பிடித்துத்தான் அப்பா வில் பழக்குவார். மகனை மட்டும் அறையின் மறுகோடியில் உட்காரவைத்து வாயாலேயே சொல்லிக்கொடுத்தார். ஒருநாள்கூடத் தொட்டதில்லை.

கதவைத் தள்ளினார். வில்லில் தேய்க்கும் ரோசின் பிசினின் வாசனை, அதற்கு அடியில், நெடுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியின் ஈர வாடை. மங்கிய சாயங்கால வெளிச்சத்தில் அந்தப் பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. வாசிப்பு நிற்கவில்லை.

“சார், உள்ள வராதீங்க.”

“எங்க அப்பா வயலினைக் கையில வச்சுக்கிட்டு, என்னையே வெளிய போகச் சொல்றீங்களா?”

“காலையிலேர்ந்து கீழ வைக்க முடியல சார்.”

அவள் திரும்பினாள். மணிக்கட்டைச் சுற்றி சாம்பல் நிற விரல்கள். விரல்களுக்குப் பின்னால் கை இல்லை. யாரும் இல்லை.

“பெரியவர் பிள்ளையை மட்டும் தொட்டதே இல்லைன்னு எல்லாரும் சொல்வாங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது,” என்றாள், மூச்சு வாங்க. “இந்தப் பிடியில நீங்க மாட்டக் கூடாதுங்கற பாசம் சார். ஓடிடுங்க.”

பாசமா? வந்தவன் போனவனுக்கெல்லாம் கை. பெற்ற பிள்ளைக்கு வெறும் வாய். இப்போது, செத்த பிறகும், யாரோ ஒருத்திக்கு!

அவர் கையை நீட்டினார்.

“அப்பா. நான்தான் உங்க பிள்ளை. எனக்குக் குடுங்க.”

மூச்சு நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவள் வயலினைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள்.

அவர் குனிந்து எடுத்தார்.

குளிர்ச்சி. இறுக்கம். மணிக்கட்டில். முதல்முறையாக.

அன்று அவர்தான் மேடையேறினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டி ஓய்ந்தது. கலைந்தது. நாற்காலிகளை மடித்தார்கள். அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“போதுங்க, எல்லாரும் போயாச்சு,” என்று மனைவி மேடையேறி அவர் தோளைத் தொட்டாள். பிறகு கையைப் பார்த்தாள். அலறினாள்.

இடது விரல் நுனிகளில் தோல் இல்லை. தந்திகளில் சிவப்பு வழிந்தது. வலது மணிக்கட்டு நசுங்கி, வெள்ளையாக எலும்பு தெரிந்தது. வில் ஓடியது. அவர் முகத்தில் மட்டும், அப்பாவிடம் முதல்முறையாகப் பாராட்டு வாங்கிய சின்னப் பையனின் சிரிப்பு.