பின்னறை வாடகைக்கு

காலை எட்டு மணிக்கு மாவிஸ் கார்பட்டின் போன் அலறியது.

எடுத்தாள்.

"மாவிஸ்... மூச்சு முட்டுது... அலாரம் கத்துது... கேஸ்!"

அவளுடைய வாடகைக்காரன் க்ளைவ் மெட்காஃப். அறுபது வயது. குரலில் பாதிதான் வந்தது. மீதியைப் பயம் விழுங்கியிருந்தது.

மாவிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"ஜன்னலைத் திறங்க, மிஸ்டர் மெட்காஃப்."

"திறக்க முடியலை. ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கு!"

"தெரியும். போட்டது நீங்கதானே?"

பின்னணியில் 'கீச்... கீச்' என்று அலாரம்.

"வந்துட்டே இருக்கேன். போனை வைக்காதீங்க. பேசிக்கிட்டே இருங்க" என்றாள் மாவிஸ்.

கோட்டை மாட்டினாள். போனில் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். தெருவில் இறங்கி நடந்தாள்.

மெதுவாக.

இங்கிலாந்தின் ஹல் நகரத்துத் துறைமுகக் காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு தெரு தாண்டினால் அந்த வீடு. ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளின் வரிசையில் கடைசி. அவள் வாழ்க்கையில் முதன்முதலாக வாடகைக்கு விட வாங்கிய வீடு.

அவள் தம்பி செத்த வீடு.

தம்பி பெயர் ரோலண்ட். மீனுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை. மூன்று குளிர்காலங்களுக்கு முன் அந்த வீட்டின் பின்னறையில் குடியிருந்தான். அப்போது வீட்டுக்காரன் இந்த க்ளைவ். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரில் நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறது, அறைக் கதவின் கைப்பிடி கையோடு வருகிறது என்று ரோலண்ட் புகார் சொன்னான். ஒரு முறை அல்ல, பல முறை. பார்க்கலாம், பார்க்கலாம் என்றே க்ளைவ் தள்ளிப் போட்டான்.

ஒரு திங்கட்கிழமை காலை ரோலண்டைக் கதவருகே தரையில் கண்டெடுத்தார்கள்.

மூச்சு இல்லை. வலது கையில் கழன்று வந்த கைப்பிடி.

விஷவாயு. விசாரணை நடந்தது. பாய்லரின் புகைக்குழாய் புத்தம் புதிதாக, சுத்தமாக இருந்தது. க்ளைவ் கறுப்பு டை கட்டி வந்து, பையன் குடிகாரன், குளிருக்காக ஜன்னலை அவனே ஸ்க்ரூ போட்டு அடைத்துக்கொண்டான் என்று சாட்சி சொன்னான்.

ரோலண்ட் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டான்.

விபத்து என்று முடித்தார்கள். அன்று முழுக்க க்ளைவ் இறந்தவன் குடும்பம் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு. மாவிஸின் முகம் அவனுக்குத் தெரியாமலே போனது.

சில மாதம் கழித்து ஒரு விளம்பரம் அவள் கண்ணில் பட்டது. 'முதல் வாடகை வீடு வாங்குவது எப்படி? சனிக்கிழமை வகுப்பு. நடத்துபவர், க்ளைவ் மெட்காஃப்.'

பள்ளிச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள், முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

க்ளைவ் நன்றாகவே பாடம் நடத்தினான். அழகான வீட்டைத் தேடாதே, யாரும் சீண்டாத வீட்டைத் தேடு. விற்பவன் அவசரத்தில் இருக்கிறானா என்று பார். மனசுக்குப் பிடித்ததா என்று கேட்காதே, காலியாகக் கிடந்தால் எத்தனை மாதம் தாங்குவாய் என்று கேள். ஒரு வீட்டை அடகு வைத்து அடுத்ததை வாங்கு, அதை வைத்து அதற்கடுத்ததை.

கடைசிப் பாடத்தை மட்டும் மாவிஸ் எடுத்துக்கொள்ளவில்லை. க்ளைவ் அதை மட்டுமே நம்பினான்.

சாவு விழுந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. க்ளைவ் அவசரத்தில் இருந்தான். மாவிஸ் கடற்கரையில் நிறுத்தியிருந்த கேரவன் வண்டியை விற்றாள், ஓய்வுப் பணத்தைப் போட்டாள், மீதிக்குக் கடன் வாங்கினாள். கண்ணுக்கெதிரே வகுப்பு மாணவி ஒருத்தி ஏமாந்துவிட்டதாக நினைத்து, க்ளைவ் அவளுக்கு ஷாம்பெயின் வாங்கிக் கொடுத்தான்.

குடித்தாள். நன்றி என்றாள்.

அதன்பின் வட்டி ஏறியது. அடுக்கி வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக அவனிடமிருந்து வங்கிக்குப் போயின. மனைவியும் போனாள். வாடகை கட்டாதவன் என்று பெயர் கெட்டு, ஹல்லில் ஒருத்தரும் அவனுக்கு அறை தரவில்லை.

மாவிஸ் தந்தாள். பின்னறையை.

வாசலிலேயே அவன் தயங்கி நின்றான். பாய்லரை யாராவது பார்த்தார்களா என்று மட்டும் கேட்டான்.

"உங்க காலத்துல பார்த்த மாதிரியே பார்த்தாச்சு" என்று சிரித்தாள் மாவிஸ். பாய்லர் அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அதே பையில் கையை விட்டபடி வீட்டின் பின்முற்றத்துக்குள் நுழைந்தாள்.

பின்னறை ஜன்னல். கம்பிவலை பதித்த தடித்த கண்ணாடி. அதற்குப் பின்னால் க்ளைவ். உள்பனியன், வியர்வை, நேற்றிரவு விஸ்கியில் சிவந்த கண்கள். ஒரு கையில் போன்.

மறு கையில் கைப்பிடி.

"கதவுக் கைப்பிடி... கையோட வந்துடுச்சு. உடைச்சுத் திற மாவிஸ், உனக்குப் புண்ணியமா போகும்..."

மாவிஸ் அசையவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போனிலேயே பேசினாள்.

"ரோலண்ட் என் தம்பி."

க்ளைவின் வாய் திறந்தபடியே நின்றது.

"அவனும் இப்படித்தான் நின்னிருப்பான், இல்லையா? விசாரணையில குழாய் புதுசா இருந்துது. பழைய குழாய் எங்கே?"

"எனக்கு... எனக்குத் தெரியாது கண்ணு..."

"சரி. நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்."

திரும்பினாள். இரண்டு அடி வைத்தாள்.

"நில்லு!" கண்ணாடியில் கைமுட்டியால் இடித்தான். "சொல்றேன். அன்னைக்குக் காலைல நான்தான் அவனை முதல்ல பார்த்தேன். குழாய் முழுக்க குருவிக் கூடு. கழட்டிட்டுப் புதுசை மாட்டிட்டு, அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்."

"ஜன்னல்?"

"நான்தான் ஸ்க்ரூ போட்டேன். அதுக்கு முந்தின வருஷமே. தாழ்ப்பாள் வாங்கறதைவிட ஸ்க்ரூ மலிவு."

"நீங்க பார்த்தப்ப அவனுக்கு உயிர் இருந்துதா?"

க்ளைவ் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினான். அலாரம் கத்தியது.

"முனகினான்" என்றான் க்ளைவ். "நான் குழாயை மாட்டி முடிக்கறப்ப... நின்னுடுச்சு."

மாவிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கேட்க வந்தது ஒரு குழாயைப் பற்றி.

"எங்கே அந்தக் குழாய்?"

"குத்தகைத் தோட்டத்துல இருக்கற என் புறாக்கூண்டுத் தரைக்கு அடியில. எதுக்காவது உதவும்னு தூக்கிப் போட மனசு வரலை. எல்லாம் சொல்லிட்டேன்... கதவைத் திற. சாகப்போறேன்."

மாவிஸ் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். ஹாலிலிருந்து சாவி போட்டுப் பின்னறைக் கதவைத் திறந்தாள். க்ளைவ் அவள் காலடியில் வந்து விழுந்தான். வாயைப் பிளந்து காற்றைக் குடித்தான்.

அவள் நாற்காலி மேல் ஏறினாள். கூரையில் இருந்த அலாரத்தைக் கழற்றினாள். உள்ளேயிருந்து பேட்டரியை எடுத்தாள். சத்தம் நின்றது.

"பேட்டரி தீர்ந்துபோனா இப்படித்தான் கத்தும்."

"அப்போ கேஸ்?"

அவள் அலமாரியின் பூட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே மின்சாரத்தில் ஓடும் ஹீட்டர்.

"இந்த வீட்டுல கேஸே இல்லை, மிஸ்டர் மெட்காஃப். நீங்க குடிவர்றதுக்கு முந்தின வாரமே இணைப்பைப் பிடுங்கிட்டேன்."

உண்மையில் அந்த வாரம் அவள் வேறொன்றும் யோசித்தாள். பழைய பாய்லரின் முன் கையில் ஒரு கந்தல் துணியோடு ஒரு மதியம் முழுக்க நின்றாள். குழாயில் திணித்துவிட்டு க்ளைவுக்கு வாடகைக்கு விட்டால் போதும். ஆனால் மாடியறைக்கு அன்றுதான் ஒரு நர்ஸ் முன்பணம் கட்டியிருந்தாள். தன்னை நம்பிக் குடிவருகிறவள். துணியைத் தரையில் போட்டுவிட்டு மின்சாரக்காரரைக் கூப்பிட்டாள்.

மாவிஸ் தந்த ஒலிப்பதிவைக் கேட்ட பெண் போலீஸ் சார்ஜென்ட் ஓல்ட்ராய்டு மதியத்துக்குள் புறாக்கூண்டைப் பிரித்துவிட்டார். குழாய் கிடைத்தது. காய்ந்த கூடும் அதற்குள்ளேயே இருந்தது. குழாயின் வெளிப்புறத்தில் க்ளைவின் விரல் ரேகைகள்.

மாலையில் மாவிஸின் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தார் அந்த அம்மாள்.

"பயமுறுத்தி வாங்கின வாக்குமூலம் கோர்ட்ல நிக்காது. குழாய் நிக்கும்" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கினார். "பேட்டரி தானா தீர்ந்துதா?"

"நான் புதுசா தொழிலுக்கு வந்தவ. சில பராமரிப்பு தவறிப் போகும். கைப்பிடிக்கும் ஜன்னலுக்கும் நாளைக்கு ஆள் வருது."

ஓல்ட்ராய்டு சிரிப்பை டீயில் மறைத்துக்கொண்டார். நீண்ட வருஷங்கள் உள்ளே இருக்க வேண்டிவரும், இந்த வயதில் அவன் வெளியே வருவதே சந்தேகம்தான் என்றார்.

மாவிஸ் தம்பியின் போட்டோவைப் பார்த்தாள். அன்று முதல் முறையாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஜெயில்ல க்ளைவுக்கு வாடகை ஏறாது, காலி பண்ணச் சொல்லியும் யாரும் வந்து நிக்க மாட்டாங்க... கொடுத்து வச்ச மனுஷன்!"