பகலில் தெளிவு, இரவில் மூட்டம்

திங்கட்கிழமை காலை ஆறு மணி. கல்லுப்பாலம் தோட்டத்து ஸ்டோரின் பின்கதவுத் தாழ்ப்பாள் விலகிக் கிடந்தது. தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். முதல் தரத் தூள் இரண்டு சாக்கு இல்லை. ஏழு மணிக்குத் திருடனின் பெயரும் தெரிந்துவிட்டது.

பெயரைச் சொன்னவர் பெரிய கிளாக்கர் றோலண்ட். மாட்டிக்கொண்டவர் இராக்காவல்காரர் மாயாண்டி. வேலை போனதற்கான பத்துச்சீட்டு கையில் வந்தது. சனிக்கிழமை தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த காம்பராவையும் காலி செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை 10.15. திருடனைக் காட்டிக்கொடுத்த கருவியை றோலண்டே ஹட்டனுக்குக் கொண்டுவந்து, சிறிலின் கடிகாரக் கடை மேசையில் வைத்தார். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் குழல். இருட்டிலும் ஆளைக் காட்டும், பச்சை நிறத்தில். தோட்ட நிர்வாகியான துரை கொழும்பு ஏலத்தில் எடுத்த பழைய சாமான். கூடவே அவர் எழுதிய துண்டு: "பகலில் தெளிவு. இரவில் மூட்டம். பழுது என் கண்ணிலா, கண்ணாடியிலா?"

"இதுலயா மாயாண்டியப் பார்த்தீங்க?" என்றார் சிறில்.

"இதுலதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பது மணி. துரை நுவரெலியா போயிருந்தார். நான் ஆபிஸ் வராந்தாவுல நின்னேன்."

"ஸ்டோர் எவ்வளவு தூரம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். எரநூறு யார் தூரம் இருக்கும்."

"முகம் தெரிஞ்சிச்சா?"

"மீசை மயிர எண்ணலாம் அண்ணே! பின்கதவால ஒரு சாக்கோட வந்தான். திரும்பப் போயி இன்னொன்னு."

"துரைக்கு மட்டும் ஏன் மூட்டம்?"

"வயசு!" றோலண்ட் கண்ணடித்தார். "கண்ணுப் பக்கத்து வளையத்த நான் என் கண்ணுக்குத் திருப்பிக்கிட்டேன். அவருக்குத் திருப்பத் தெரியல. தொடச்சு வைங்க, போதும்."

சிறிலின் மனைவி சுகிர்தம் ரசீது எழுதிக் கொடுத்தாள்.

குழலின் முன்பக்கம் ஒரு ரப்பர் மூடி. வெயில் பட்டால் கருவி கெட்டுவிடும் என்பதால் பகலில் அதைக் கழற்றக்கூடாது. மூடி நடுவில் ஊசித்துளை ஒன்று. அதன் வழியாகவே சிறில் பஸ் நிலையத்தைப் பார்த்தார். நல்ல தெளிவு. பிறகு பின்னறையைப் போர்வையால் இருட்டாக்கி, மூடியைக் கழற்றினார். கைநீளத்தில் இருந்த காலண்டர் எழுத்துத் தெரிந்தது. கோடிச் சுவர்க் கடிகாரம் மூட்டம். தூரத்துக்குத் திருப்ப வேண்டிய முன்வளையம் அசையவில்லை. முன்பு வைத்திருந்தவர் யாரோ பிசின் ஊற்றியிருந்தார். அது கல்லாக உறைந்திருந்தது.

"அப்ப பகல்ல மட்டும் தூரம் எப்பிடித் தெரியுது?" அவருக்குப் பிடிபடவில்லை.

நண்பகல் 12. சுகிர்தம் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வந்திருந்தாள். வாசலில் நின்று கையைச் சுருட்டி, விரலிடுக்குத் துளை வழியே பஸ் பலகையைப் படித்தாள்.

"நல்லதண்ணி பஸ்ஸுங்க."

"எங்க வீட்டம்மாவுக்கு டெலஸ்கோப்பு கையிலயே இருக்கு!" சிரிக்கத் தொடங்கிய சிறில் பாதியில் நிறுத்தினார். பாதியில் நின்ற அந்தச் சிரிப்பை அவள் பின்னாளிலும் மறக்கவில்லை.

"கையை எடுத்துட்டுப் பாரு."

"மூட்டம்."

"வச்சா?"

"தெளிவு. இதென்ன புதுசா?"

சிறில் குழலைத் துணியில் சுற்றினார்.

"பிசின எடுக்கலையாங்க?"

"இப்ப எடுத்தா மாயாண்டி கெட்டாரு. கெளம்பு, ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும்."

மாலை 5.40. தோட்டத்து ஆபிஸ் வராந்தா. சிறில், சுகிர்தம், துரை, றோலண்ட், தோட்டத்து டோர்ச் லைட்டை ஒப்படைக்க வந்த மாயாண்டி. மூடியோடு பார்த்த துரைக்கு ஆற்றுக்கு அப்பால் ஸ்டோர்க் கதவின் தாழ்ப்பாள்கூடத் தெரிந்தது.

6.40. இருட்டிவிட்டது. சிறில் மூடியைக் கழற்றினார்.

"மறுபடி புகைதானே!" என்றார் துரை.

"பின்வளையத்தத் திருப்புங்க சார்."

"பச்சையில சின்னச் சின்னப் புள்ளி நல்லாத் தெரியுது. ஸ்டோர் தெரியல்ல."

"அவ்வளவுதான் சார். அந்த வளையம் உள்ள இருக்கிற திரையக் கண்ணுக்குக் காட்டும். தூரத்தக் கொண்டுவர்றது முன்வளையம். தொட்டுப் பாருங்க."

துரை பிசினை நகத்தால் சுரண்டினார். பிறகு றோலண்டைப் பார்த்தார்.

"கிளாக்கர் ஐயா பகல்ல மூடியோட பார்த்திருக்காரு," என்றார் சிறில். "துளை சின்னதுன்னா எல்லாத் தூரமும் தெளிவுதான். கண்ணு சரியில்லாதவங்க விரலிடுக்குல பார்க்கிற மாதிரி. ராத்திரியும் அப்பிடித்தான் தெரியும்னு நம்பிக் கதை சொல்லிட்டாரு. ஆனா மூடி போட்டா ராத்திரி வெறும் இருட்டு. கழட்டினா இந்த மூட்டம். இதுல யாரும் யாரையும் பார்த்திருக்க முடியாது."

"டோர்ச்சு வெளிச்சத்துல கூட பார்த்திருக்கலாம்..." றோலண்ட் இழுத்தார்.

"அத அன்னிக்கே சொல்லலையே. சரி, இதுல பார்க்கலைன்னா ஒம்பது மணிக்குப் பின்கதவால ஒண்ணொண்ணா ரெண்டு சாக்கு போனது உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

றோலண்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். துரை கையை நீட்டினார். றோலண்டின் அலுமாரிச் சாவிக்கொத்து அந்தக் கைக்கு வந்தது. மாயாண்டியின் பத்துச்சீட்டை வாங்கித் துரையே கிழித்தார்.

சிறில் ஸ்பிரிட்டில் பிசினை இளக்கி, மெல்லிய தகட்டால் நெம்பினார். முன்வளையம் கிறீச்சிட்டுத் திரும்பியது. குழலை மாயாண்டியிடம் கொடுத்தார்.

"எங்க லயங்க..." என்றார் மாயாண்டி. "எம் பொஞ்சாதி ராக்காயி பானையெல்லாம் வெளிய எடுத்து வைக்கிறா."

குழலைச் சுகிர்தத்தின் கையில் திணித்துவிட்டு வராந்தா ஓரத்துக்கு ஓடினார்.

"ராக்காயீ! பானைய உள்ள வையி புள்ள!"

சிறில் பின்வளையத்தைச் சுகிர்தத்தின் கண்ணுக்காக மெல்லத் திருப்பினார். பச்சை இருட்டில் ஒரு பெண் நிமிர்ந்து நின்று காது கொடுத்தாள். மறுபடி கூப்பிட்டார் மாயாண்டி. அவள் குனிந்து, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.