நடுமனத்தின் கொட்டாவி

“மல்லிகா அந்தக் கடிதத்தப் பிரிச்சிருக்கவே கூடாது. மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிருந்தான்னா இன்னும் ரெண்டு வாரம் நாங்க தவிச்சுக் கெடந்திருப்போம். அவசரப்பட்டுட்டிய. மத்தபடி நாடகம் அருமை. அந்த மாமியார் மட்டும் ஏன் எப்பவும் பட்டுச்சேலையிலயே தூங்குதா?”

காதில் மாட்டியிருந்த, பார்த்தவர் கருத்தைக் கேட்டுப் பதியும் கருத்துச்செவியிடம் இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு மரியபுஷ்பம் தலையணையில் சாய்ந்தாள். தூத்துக்குடி டயாலிசிஸ் நிலையத்தின் ஏழாம் படுக்கை அது. அவளுடைய ரத்தம் ஒரு குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். முதல் ஒன்றரை மணி நேரம் நாடகம், அதற்குப் பிறகு படம் என்று அவள் பழக்கப்படுத்திக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது.

“ஒரு கடுதாசியப் பிரிக்க ரெண்டு வாரமா?” என்றார் எட்டாம் படுக்கைக்காரர். காந்திமதிநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். “ஒனக்கு எல்லாத்தையும் ஊறப்போட்டாத்தான் ருசிக்கும்.”

“ஆமா அண்ணாச்சி. படம்னு வந்தா மட்டும் ஒங்களுக்கு எல்லாம் மெதுவா நடக்கணும்.”

“படம்னா அப்பிடித்தான் இருக்கணும். இப்ப வாரதெல்லாம் படமா? இடைவேளை முடிஞ்சா ஒரே அடிதடி, ஒரே வெடிச் சத்தம். ஒருத்தனாவது உக்காந்து ஒரு வார்த்தை பேசுதானா?”

இந்தச் சண்டை இல்லாவிட்டால் இருவருக்குமே அந்த நாலு மணி நேரம் நகராது.

அவர் சொன்னதை அப்போது ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. தமிழ்ப் படங்களின் பிற்பாதி ஏன் இப்படிப் போர்க்களமானது, நாடகங்கள் மட்டும் எப்படி இவ்வளவு நிதானமாக, அழகாக மாறின என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. காலத்தின் பரபரப்பு என்றார் ஒருவர். இளைஞர்களின் கவனச் சிதறல் என்றார் இன்னொருவர். உண்மையான காரணம் நடுமனம்.

நடுமனம் என்பது ஒரு கணினி நிறுவனம் உருவாக்கிய கணிமுறை. தமிழ்ப் படமும் நாடகமும் பார்க்கும் எட்டுக் கோடிப் பேரின் விருப்பு வெறுப்புகளை அலசி, எல்லாருடைய ரசனைக்கும் நட்டநடுவில் நிற்கும் ஒரே ஒரு ஆளை அது கண்டுபிடிக்கும். அந்த ஆளுக்குப் பிடித்தது எட்டுக் கோடிப் பேருக்கும் பிடிக்கும். எந்தப் படமும் நாடகமும் வெளிவரும் முன் அந்த ஒருவருக்குப் போகும். அவர் கையில் கட்டிய உணர்வுப்பட்டை மனத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு கோடாக வரையும். படம் முடிந்ததும் அவர் வாய்விட்டுச் சொல்லும் கருத்தும் சேரும். கோடு எங்கே விழுகிறதோ அங்கே வெட்டு, எங்கே ஏறுகிறதோ அது மாதிரி இன்னும் நாலு. இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு ஒரு படம்கூடத் தோற்கவில்லை.

அந்த ஒருவர் மரியபுஷ்பம்தான் என்பது மரியபுஷ்பத்துக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களில் தானும் ஒருத்தி, புதுப்படம் முன்கூட்டியே பார்க்கக் கிடைக்கிறது என்ற அளவில் அவளுக்குச் சந்தோஷம்.

ஒரு புதன்கிழமை, துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு இளம்பெண் ஏழாம் படுக்கை அருகே வந்து நின்றாள்.

“அக்கா, நீங்க பேசுறதக் கொஞ்சம் கேட்டுக்கட்டுமா?”

“என்ன பேசணும்?”

“எதாவது. இந்த வாரம் பாத்த நாடகம் எப்பிடி இருந்துச்சு?”

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் மரியபுஷ்பத்துக்குப் போதும். அவள் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கிவிட்டன. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் பெயர் பர்வீன். மேலப்பாளையத்துக்காரி. ‘அரை லிட்டர்’ என்று ஒரு படம் எடுத்திருக்கிறாள், முதல் படம். அதில் ஒன்பது நிமிடக் காட்சி ஒன்றை வெட்டச் சொல்லி நடுமனத்தின் கருத்துப் பதிவு வந்திருந்தது. அதைக் கைபேசியில் ஓடவிட்டாள்.

மரியபுஷ்பத்தின் குரல் கேட்டது. ‘முதல் பாதி நல்லாருக்கு. பிற்பாதியில அந்த அப்பா உக்காந்திருக்கிற இடம் இழுவை. கண்ணக் கட்டிட்டு. என்ன நடந்துதுன்னே தெரியல.’ குரலுக்குப் பின்னால் எங்கோ மூன்று முறை மெல்லிய ‘பீப்’ சத்தம். “ஜெபா, எட்டாம் பெட்டப் பாரு” என்று யாரோ சொல்வதும் கேட்டது.

“எங்க வாப்பாவுக்கு ஆறு வருசம் டயாலிசிஸ் நடந்துச்சு அக்கா. நான்தான் கூட உக்காந்திருப்பேன். இந்தச் சத்தத்த எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும். பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு. ஒரு மாசமா ஒவ்வொரு செண்டராப் போய்த் தேடுறேன்.” அவள் ஒரு வரைபடத்தைத் திறந்தாள். “இது என் படத்துக்கு வந்த கோடு. மத்த டைரக்டர்களும் அவங்க கோட்டக் குடுத்தாங்க, அவங்களுக்கு வந்ததும் இதே ஒரு குரல்தான். ரெண்டு வருசத்துல நாப்பத்தியொரு படம். எல்லாத்துலயும் இடைவேளை முடிஞ்சு அரை மணிக்குள்ள கோடு விழுது. அந்த நேரத்துல உங்களுக்கு என்ன ஆகும்?”

மரியபுஷ்பம் வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தைப் பார்த்தாள்.

“மூணாவது மணி நேரம்” என்றாள். “பிரஷர் எறங்கும். கொட்டாவியா வரும். காலத் தூக்கி வைப்பாவ, செலைன் ஏத்துவாவ. சத்தம் கித்தம் கேட்டா முழிச்சுக்குவேன்.” வரைபடத்தில் கோடு விழுந்த இடத்தை விரலால் தொட்டாள். “அது சலிப்பு இல்லம்மா.”

“உங்க ஒருத்தர் கொட்டாவிதான் அக்கா எல்லாப் படத்தையும் வெட்டுது.”

காந்திமதிநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ ரெண்டு வருசமா நான் திட்டுன பிற்பாதியெல்லாம் இவ பிரஷரா?”

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. தன்னை எழுப்புவதற்காகவா அத்தனை குண்டும் வெடித்தது? பெயர் தெரியாத எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து எடுத்த காட்சிகள், தான் கண்ணயர்ந்ததால் போய்விட்டன? தன் தூக்கத்துக்குப் படத்தின் மேல் பழி போட்டு, இழுவை என்று சொல்லிவிட்டோமே என்பதுதான் அவளை அதிகம் குத்தியது.

“அந்தப் படத்தக் குடுத்துட்டுப் போ” என்றாள். “நாளைக்கு எனக்கு டயாலிசிஸ் இல்ல. வீட்டுல பாக்குதேன்.”

மறுநாள் காலை, சோறு வடிப்பதற்கு முன்பே உணர்வுப்பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ‘அரை லிட்டர்’ படத்தில் வரும் அப்பா வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். சிறுநீரகம் கெட்டுப்போனவர். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. பகலெல்லாம் முப்பது கேன் சுமந்துவிட்டு, சாயங்காலம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் ஒரு தம்ளர் தண்ணீரை ஒன்பது நிமிடம் குடிக்கிறார். வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருக்கிறார். தம்ளருக்குள் எட்டிப் பார்க்கிறார். இன்னொரு வாய். மகள் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

அந்த ஒன்பது நிமிடமும் மரியபுஷ்பத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டுக் கோடிப் பேரில் இதை இவ்வளவு தெரிந்த இன்னொரு ஆள் இருக்க முடியாது. அவள்தான் இதை வெட்டச் சொன்னவள்.

படம் முடிந்ததும் கருத்துச்செவியிடம் வெகுநேரம் பேசினாள். முதலில் தூங்கிப்போனதைச் சொன்னாள். அப்புறம் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். கோடு அதுவரை போகாத உயரத்துக்குப் போயிருந்தது.

நடுமன நிறுவனம் பதறிப்போய்த் திருத்திக்கொண்டது. இனி டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மட்டும் படம் அனுப்புவதாக உறுதி சொன்னது. ‘அரை லிட்டர்’ ஒரு நிமிடம்கூட வெட்டப்படாமல் தமிழ்நாடு முழுக்க வெளியானது. பர்வீன் ஒரு பெட்டி மக்ரூனோடு வந்து, ஏழாம் படுக்கையின் காலடியில் வைத்தாள்.

படம் வெளியான மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து சுதர்சன் என்பவர் அழைத்தார்.

“மேடம், இனிமே உங்க கருத்து எங்களுக்குத் தேவைப்படாது. இவ்வளவு நாள் ஒத்துழைச்சதுக்கு நன்றி.”

“ஏன்? படம் ஓடலியா?”

“கூட்டம் வருது. யாரும் படத்தத் திட்டவும் இல்ல. ஆனா அந்தத் தண்ணீர் காட்சி வந்ததும் எல்லாரும் தூங்கிடறாங்க. மதுரையில, சேலத்துல, எல்லா ஊர்லயும். முழிச்சு வெளிய வந்து ‘ஏதோ இழுவை’ங்கிறாங்க, அவ்வளவுதான்.”

“எல்லாருக்குமா பிரஷர் எறங்குது?”

“அவங்க நல்லாத்தான் இருக்காங்க மேடம். உங்களை எழுப்ப வச்ச சத்தத்துக்கு ரெண்டு வருசமா பழகிட்டாங்க. அது இல்லாம அவங்களால முழிச்சிருக்க முடியல.” அவர் தயங்கினார். “நீங்க தூங்கிட்டு இருந்த வரைக்கும் நடுவுலதான் இருந்தீங்க. இப்போ விலகிட்டீங்க. நாளையோட படத்தை எடுத்துடறாங்க.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் பகல் காட்சிக்குக் காந்திமதிநாதனையும் கூட்டிக்கொண்டு போனாள். அரங்கில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதல் பாதியில் ஜனங்கள் நன்றாகச் சிரித்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண், தெரியாதவள், மரியபுஷ்பத்தின் தோளைத் தட்டிச் சிரித்தாள்.

இடைவேளை முடிந்தது. அப்பா வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். தம்ளரைக் கையில் எடுத்தார்.

முதல் கொட்டாவி பின்வரிசையிலிருந்து வந்தது. அப்புறம் இடப்பக்கம், வலப்பக்கம். திரையின் வெளிச்சத்தில் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்வதை மரியபுஷ்பம் பார்த்தாள். அது எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். தாடை தளரும், கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி இருக்கும், எல்லாம் தூரமாகப் போகும். காந்திமதிநாதன் மட்டும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் பெண்ணின் தலை மரியபுஷ்பத்தின் தோளில் வந்து விழுந்தது.

மரியபுஷ்பம் அவள் கன்னத்தை மெல்லத் தட்டினாள். “தங்கச்சி, முழிச்சுக்கோங்க.”

அவள் திடுக்கிட்டுக் கண் திறந்தாள். “என்னக்கா? சண்டை வந்துட்டா?”

“இல்ல. தண்ணி குடிக்காரு. பாருங்க.”

அந்தப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். அவள் தலை மறுபடி சாயப்போனது. மரியபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்க்கா இவ்வளவு மெதுவாக் குடிக்காரு?”

“அவ்வளவுதான் இருக்கு.”

அந்தப் பெண் திரையில் இருந்த தம்ளரையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்த தன் புருஷனை முழங்கையால் இடித்தாள்.