உறவுப்பூட்டு

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதாம்மா. நீங்க எவ்வளவு கெஞ்சினாலும் ரெண்டு தர எனக்கு அனுமதி இல்ல," என்றார் ரசாக் பாய்.

தவமணி புருசனை முறைத்தாள். வீரணன் சுவரில் மாட்டியிருந்த நீளத் துப்பாக்கிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆண்டிபட்டிக் கடைத்தெருவில் பாத்திரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் துப்பாக்கிக்கடை வந்துவிட்ட காலம் அது. பாதி ஊர் நகரத்துக்குக் குடிபோய்விட, தரிசாகக் கிடந்த நிலத்தையெல்லாம் காடு திரும்ப எடுத்துக்கொண்டது. காட்டோடு பன்றியும் வந்தது. மக்காச்சோளம் பால்பிடிக்கிற பக்குவம் விவசாயிக்குத் தெரிகிறதோ இல்லையோ, பன்றிக்குத் தெரிந்துவிடும். கடைசியில் அரசாங்கமே இறங்கிவந்து, மலையடிவாரத்தில் வீட்டுக்கு ஒரு சுடுகருவி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது.

ஒன்று என்பதில்தான் சண்டை. வீரணனுக்குப் பன்றியை விழுத்தாட்ட வேண்டும். தவமணிக்குப் பன்றி பெரிதில்லை. தோட்டத்து வீடுகளில் தனியாக இருப்பவர்களைக் குறிவைத்து, கதவை உடைத்து உள்ளே வருகிற கூட்டம் அப்போது பெருகியிருந்தது. தலைமாட்டில் வைத்துப் படுக்க, கைக்கு அடக்கமாக ஒன்று வேண்டும் அவளுக்கு.

"பன்னிக்கு ஆகுற குண்டு வீட்டுக்குள்ள ஆகாதும்மா," என்று பாய் பொறுமையாக விளக்கினார். "திருடனைத் துளைச்சு, சுவரையும் துளைச்சு, அந்தப்பக்கம் படுத்திருக்கிற பிள்ள மேல போய் நிக்கும். வீட்டுக்கு ஆகுற ரப்பர் குண்டோ பன்னிக்குக் கொசு கடிச்ச மாதிரி. அதனாலதான் இப்ப எல்லாரும் இதை வாங்குறாங்க."

அவர் எடுத்து வைத்தது 'காப்பான்'. குழல் மடங்கும், நீளும். உள்ளே இரண்டு அறைகள், ஒன்றில் கனத்த ஈயக்குண்டு, இன்னொன்றில் ரப்பர் குண்டு. முன்னால் இருந்த கேமராக் கண், எதிரில் நிற்பது மிருகமா மனிதனா என்று பார்த்து, தகுந்த அறையைத் தானே திறந்துகொள்ளும்.

"எல்லாத்துக்கும் மேல இதுல உறவுப்பூட்டு இருக்கு. வீட்டு ஆளுங்களை ஒருதரம் அறிமுகம் பண்ணி வச்சுட்டா, அவங்க குறியில இருக்கிறவரைக்கும் விசை இறங்காது. கோவத்துலயும் இறங்காது, தெரியாமலும் இறங்காது."

தவமணிக்கு ஒரு சந்தேகம். "நாளைக்கு ஒருத்தர் நமக்கு ஆகாமப் போயிட்டா?"

"நீக்கிக்கலாம். உரியவர் பிடியில கைவச்சு, 'இவர் எனக்கு உறவு இல்ல'ன்னு வாயால சொல்லணும். ஆனா ஒண்ணு, பொய்யாச் சொன்னா ஏத்துக்காது. பிடிக்குள்ள நாடிமானி இருக்கு, குரலையும் கேக்கும். கழுத்துல கத்தியை வச்சு எவனாவது சொல்ல வச்சா என்ன பண்றது? அதுக்காகத்தான் இந்த ஏற்பாடு. பயத்துல உளர்றது வேற, மனசு சொல்றது வேற. ரெண்டையும் இது பிரிச்சுப் பாத்துரும்."

"எங்க வீட்டுல நீக்குறதுக்கு யாரு இருக்கா? நாங்க மூணே பேரு," என்று சிரித்தபடி வீரணன் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

மூன்றாவது ஆள் இலக்கியா, தவமணியின் முதல் தாலியில் பிறந்தவள். பெற்றவன் சாலை விபத்தில் போனபோது நடக்கக்கூடப் பழகாத குழந்தை. ஊர் வாயில் போட்டு மெல்ல, எதையும் காதில் வாங்காமல் தவமணிக்குத் தாலி கட்டியவர் வீரணன். பிள்ளையைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவரும் அவர்தான். யாராவது 'தவமணி மக' என்று சொன்னால் 'ஏன், என் மகன்னு சொன்னா வாய் வலிக்குமா?' என்று மல்லுக்கு நிற்பார். அவருக்கும் தவமணிக்கும் வேறு பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர் வாய்திறந்ததே கிடையாது.

மலையடிவாரத்தில் அப்போது கைவைப்பு என்றொரு விசேஷம் புதிதாகக் கிளம்பியிருந்தது. துப்பாக்கிக்குப் பொட்டு வைத்து, அக்கம்பக்கத்தை அழைத்து, வீட்டார் ஒவ்வொருவராகப் பிடியில் கைவைத்து உறவைச் சொல்ல வேண்டும். இருவர் கையும் விழுந்து, இருவர் வாயும் சொன்னால்தான் உறவு பதியும். தாலி ஏறியும் கைவைப்பு ஆகாத மருமகளை ஊர் அரை மருமகள் என்றது. சண்டை முற்றினால் 'உன்னைத் துப்பாக்கியில இருந்து எடுத்துருவேன்' என்று பெரியவர்கள் மிரட்டினார்கள். கருவி வந்து சில காலம்தான் ஆகியிருந்தது, அதற்குள் சம்பிரதாயத்துக்குக் குறைவில்லை.

வீரணன் வீட்டுக் கைவைப்புக்குப் பாயசம் வைத்திருந்தார்கள். இலக்கியா பிடியில் கைவைத்து, "இது எங்க அப்பா" என்றாள். வாயை மூடுவதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து வீரணன் கைவைத்து, "இவ என் மக" என்றார்.

விளக்கு மஞ்சளிலேயே நின்றது. கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீரணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, விளக்கு மெதுவாகப் பச்சைக்கு மாறியது.

"உன் துப்பாக்கிக்குக் காது மந்தம்ப்பா," என்றாள் இலக்கியா. எல்லோரும் சிரித்தார்கள். வீரணனும் சிரித்தார், ஆனால் பாயசம் அவருக்கு இறங்கவில்லை.

சோளம் கதிர் முற்றுகிற சமயத்தில் அது நடந்தது. விடிந்து வெயில் ஏறுமுன் வீரணன் வரப்போரம் காத்திருந்து ஒரு கிடாப்பன்றியைச் சுட்டார். அவசரப்பட்டுவிட்டார். குண்டு பின்சப்பையில் பட்டு, பன்றி சோளத்துக்குள் புகுந்துகொண்டது. அடிபட்ட பன்றியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது, அடுத்து அந்தப் பக்கம் வருகிற ஆளை அது கிழித்துவிடும். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் போனார்.

வெடிச்சத்தம் கேட்டு, பன்றி விழுந்துவிட்டது என்று நினைத்து இலக்கியா எதிர்ப்பக்கமாக ஓடிவந்தாள். "அப்பா, விழுந்துருச்சா? எங்கப்பா இருக்க?" என்று கேட்டபடி அவள் வாய்க்காலின் மறுகரையில் வருவதை அவர் பார்த்தார். கத்த வாயெடுப்பதற்குள் பன்றி அவள்மேல் பாய்ந்தது.

அவள் விழுந்தாள். கோரைப்பல் தொடையில் ஏறியது. வீரணன் குறிபார்த்து விசையை அழுத்தினார், விசை கல்லாக இருந்தது.

"உறவு எதிரில் உள்ளது. சுட இயலாது," என்றது காப்பான், வானொலியில் செய்தி வாசிக்கிற நிதானத்தோடு.

இந்தப்பக்கம் நகர்ந்தார், அந்தப்பக்கம் நகர்ந்தார். எந்தப் பக்கம் போனாலும் பன்றியும் பெண்ணும் ஒன்றாகவே குறிக்குள் கிடந்தார்கள். "சுட இயலாது. சுட இயலாது." துப்பாக்கியைக் கட்டையாகத் திருப்பிப் பிடித்து அடிக்க ஓடலாம்தான், நடுவில் வாய்க்கால் கிடந்தது. பன்றி மறுபடி தலையைத் தாழ்த்தியது. இந்தமுறை அது வயிற்றைப் பார்த்தது.

கடையில் கேட்டது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பொய்யை ஏற்காது என்பதும் கூடவே நினைவு வந்தது. ஆனாலும் வேறு வழி இல்லை.

"இவ என் மக இல்ல!" என்று வீரணன் கத்தினார். "கேக்குதா? இலக்கியா என் மக இல்ல!"

"நீக்கம் ஏற்கப்பட்டது."

விசை வெண்ணெய்போல் இறங்கியது. பன்றி அவள் காலடியிலேயே சாய்ந்தது. வீரணன் வாய்க்காலில் இறங்கி, விழுந்து எழுந்து, அவளைத் தூக்கினார். ரத்தம் அவர் வேட்டியை நனைத்தது. அவள் அழவில்லை. வலியில் கண் சொருகுகிற அந்த நேரத்திலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே கேட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் தவமணி புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நீ சாமிய்யா. நீ மட்டும் இல்லாட்டி என் பிள்ளைய வாரிக் குடுத்திருப்பேன்." உண்மையும் அதுதான். ஊரே அவரைப் புகழ்ந்தது. பெற்றவனுக்கே அந்த நேரத்தில் அப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்றார்கள். சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கேட்டவருக்கு அது நெஞ்சில் தைத்தது.

கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த இலக்கியாவிடம் அவர் தனியாகப் பேசிப் பார்த்தார்.

"தாயி, அது... துப்பாக்கியைத் திறக்குறதுக்காகச் சொன்னதுதானே. வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"தெரியும்ப்பா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. உயிரக் காப்பாத்தியிருக்கீங்க."

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை 'நீ, வா, போ' என்று பேசிய பிள்ளை அவள். அந்த மரியாதையைத் தாங்கமுடியாமல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாய் சொன்னதா அம்மா சொன்னாங்க, பொய்யா இருந்தா அது ஏத்துக்காதாமே," என்றாள் அவள், கொஞ்சம் கழித்து. கேள்வியாகக் கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை, ஒரு சேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வீரணன் ஆண்டிபட்டிக்குப் போனார். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, நடந்ததை முழுக்கச் சொன்னார்.

"பாய், இது தப்பா எடுத்துக்கிற வாய்ப்பு இருக்கா? பதட்டத்துல?"

ரசாக் பாய் கல்லாப்பெட்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "எந்திரம்தானே அண்ணே. எப்பவாவது தப்பு பண்ணும். நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

துப்பாக்கி விற்பதில் பாய் கெட்டிக்காரர், பொய் சொல்வதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க வீரணனுக்கு நாடிமானி தேவைப்படவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் தன்னையே நோண்டிப் பார்த்தார். அந்தக் கணத்தில் பூட்டு திறக்கவேண்டும் என்று உடம்பு மொத்தமும் வேண்டியது. அந்த வேண்டுதலைத்தான் எந்திரம் உண்மை என்று எடுத்துக்கொண்டதா? அல்லது இத்தனை வருசமாகத் தனக்கென்று ஒன்று பிறக்கவில்லையே என்று, தனக்கே தெரியாமல் ஒரு மூலையில் வைத்திருந்த குறையை அது தோண்டி எடுத்துவிட்டதா? கைவைப்பு அன்று மஞ்சளில் நின்ற விளக்கு அவர் கண்முன் வந்தது. அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுதான் அவரை அழவைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காட்டிக்கொள்ளாமல் வெளியே பார்த்தார்.

கால் ஆறியதும் இலக்கியா கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனாள். லேசாகச் சாய்ந்து நடந்தாள். கிளம்பும்போது அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினாள். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அவள் போன சாயங்காலம் வீரணன் காப்பானை எடுத்து மடியில் வைத்து, பிடியில் கைவைத்தார். "இலக்கியா" என்றார். "என் மக" என்று முடிக்கவில்லை, அதற்குள் பச்சை எரிந்துவிட்டது. கைவைப்பு அன்று அவள் சொன்னபோது எரிந்த அதே வேகம். அதைப் பார்க்க வீட்டில் அவள் இல்லை.

"மறு கை வைக்கவும்," என்றது காப்பான். விளக்கு மஞ்சளுக்குப் போய் அங்கேயே நின்றது.

அவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். "ஒரு எட்டு வந்துட்டுப் போ தாயி. கைவைக்கணும்."

"லீவு கிடைக்கட்டும்ப்பா, பார்ப்போம்," என்றாள் இலக்கியா. குரலில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை.

பாதியில் நிற்கிற பதிவை வைத்துக்கொண்டு காப்பான் சுடாது. உறவா இல்லையா என்று தீராத ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால், யாரைச் சுடலாம் யாரைச் சுடக்கூடாது என்று அதற்குத் தெரியாது. அதனால் பூட்டிக்கொண்டுவிடும். பொங்கல் வந்தது, போனது. இலக்கியாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சுவரில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. புதுச்சோளம் கதிர் விட்டதும் பன்றிகள் கூட்டமாக இறங்கின.

தவமணி பொறுத்துப் பார்த்தாள். பாதிச் சோளக்காடு போனதும் பொறுமையும் போய்விட்டது. "இப்படிப் பூட்டிக்கிட்டு மாட்டி வைக்கவா இதை வாங்குனோம்? ரத்து பண்ணித் தொலையேன். பாய்கிட்ட நானே கேட்டேன். ஆரம்பிச்ச ஆளு, 'அவ வரமாட்டா'ன்னு சொன்னாப் போதுமாம். பிறகு அவ வர்றப்ப வரட்டும், மறுபடி வச்சுக்கலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வாசலுக்கு வெளியே சோளத்தட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. வீரணன் துப்பாக்கியை எடுத்தார். கையை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவ வரமாட்டா," என்றார்.

சிவப்பு எரிந்தது. "ஏற்க இயலாது."

"அவ வரமாட்டா. இனி வரவே மாட்டா."

"ஏற்க இயலாது," என்றது காப்பான். விளக்கு பழையபடி மஞ்சளுக்குத் திரும்பியது.

தவமணி அவர் முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

வீரணன் காப்பானைப் பத்திரமாகச் சுவரில் மாட்டினார். மூலையில் கிடந்த எண்ணெய் டின்னையும் ஒரு குச்சியையும் எடுத்துக்கொண்டு, டின்னை ஓங்கி ஓங்கி அடித்தபடி சோளக்காட்டுக்குள் இறங்கினார்.