தவசு முட்டை

சங்கரன்கோவில் ஸ்டேஷன் ரோட்டில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரே கட்டடம் மருதப்பனின் போட்டோ ஸ்டுடியோதான். ஐம்பத்திரண்டாம் வருஷம், தை மாதத்து முற்பகல் ஒன்றில் விவசாய ஆபீசர் பெருமாள்சாமி வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். கையில் ஈரத்துணிப் பொட்டலம். பிரித்தால் பருத்தி இலைகள்.

“அண்ணாச்சி, இந்த இலையைப் போட்டோ எடுக்கணும்.”

“தலை சீவிப் பொட்டு வச்சுல்லா சார் கூட்டியாந்திருக்கணும்?” என்றார் மருதப்பன்.

பெருமாள்சாமி சிரித்துக்கொண்டே பூதக்கண்ணாடியை நீட்டினார். முதல் இலையில் கடுகில் கால்வாசிகூடத் தேறாத மஞ்சள் உருண்டைகள். “இது காய்ப்புழு முட்டை. கண்டதும் நசுக்கணும்.” இரண்டாவது இலையைப் புரட்டினார். அடிப்புறத்தில் வெள்ளை முடிகள் குத்திட்டு நின்றன. ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு முட்டை. “இது நல்ல பூச்சியோடது. செடிச் சாறை உறிஞ்சுத அசுவினியைத் தின்னே தீத்துரும். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ரெண்டையும் சேத்து நசுக்குதாங்க. படத்தைக் காட்டுனாத்தான் நம்புவாங்க. மூணு நாள்ல பொரிஞ்சிரும், சீக்கிரம் எடுத்திருங்க.”

மருதப்பன் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தவசு முட்டை” என்றார் மெதுவாக.

“என்னது?”

“எம் மக பேச்சி வச்ச பேரு சார். தவசு இருக்க கோமதியம்மன் மாதிரி ஒத்தக் கால்ல நிக்குல்லா.”

மகள் இறந்து பத்து மாதம் ஆகிறது என்பது ஆபீசருக்குத் தெரியாது.

ஊரில் பாதிப்பேரின் முகம் மருதப்பனின் காமிராவுக்குள் விழுந்திருக்கிறது. மாப்பிள்ளைகள், மிராசுதார்கள், நாற்காலியில் சாய்த்துவைத்த பிணங்கள்கூட. பெற்ற பிள்ளையின் முகம் மட்டும் விழவில்லை. முதல் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தபின் பிறந்தவள் பேச்சி. போட்டோ எடுத்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று இசக்கித்தாய் கணவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பேச்சி விவரமானவள். எங்கிருந்தாவது முட்டை ஒட்டிய இலையைப் பறித்துவந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பாள். “என்னை வேண்டாம்ப்பா. இந்த முட்டையை எடு.” அவள் கையும் சேர்ந்து படத்தில் விழுந்துவிடுமே என்று அதையும் எடுக்கவில்லை. ஏழு வயதில் அம்மை வந்து கொண்டுபோயிற்று.

பெட்டியில் படம் பிடிக்கும் கண்ணாடித் தகடுகள் மூன்றே மூன்று மீதியிருந்தன. மதுரையிலிருந்து புதுச்சரக்கு வர இன்னும் ஒரு வாரமாகும்.

நண்பகல் வெளிச்சம் கூரை வழியாகக் கொட்டியது. தவசு முட்டை இலையை ஒரு சட்டத்தில் ஊசியால் குத்தி நிறுத்தி, காமிராவின் துருத்தியை முழுநீளத்துக்கு இழுத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இலை தலைகீழாகத் தெரிந்தது. வேறெதுவும் இல்லை. முதல் தகட்டை எடுத்தார்.

இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், மருந்துத் தண்ணீரில் படம் மெல்ல எழுந்தது. முட்டைகள் ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்திருந்தன. மருந்து நெடியை மீறி எங்கிருந்தோ வேப்பிலை வாசம் வந்தது.

இலையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் இருந்தது.

சின்ன விரல்.

மறுநாள் அதே இலையை அதே ஊசியில் குத்தி எடுத்தார். இந்தத் தடவை மணிக்கட்டுவரை கை விழுந்திருந்தது. கையில் கருவளையல், புதைக்கும்போது கழற்றாமல் விட்டது. இலைக்குப் பின்னால் வட்டமாக ஏதோ ஒன்று புகைபோலக் கலங்கிக் கிடந்தது. இவ்வளவு பக்கத்தில் வைத்து எடுக்கும்போது முட்டைதான் தெளிவாக விழும், பின்னால் இருப்பது கலங்கிப்போகும். அது தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும்.

பின்னால் இருப்பது என்ன என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

படத்தை அச்சிட்டு இசக்கித்தாயிடம் காட்டினார். அவள் படத்திலிருந்த வளையலை விரலால் தடவினாள்.

“நான்தான் வேண்டாம்னேன்” என்றாள். “எம் பேச்சை நீங்க கேட்டிருக்கக்கூடாது. எடுங்க. மூஞ்சியை எடுங்க.”

மூன்றாம் நாள் முட்டைகள் சாம்பல் நிறமாகியிருந்தன. பொழுது சாய்வதற்குள் பொரிந்துவிடும். பேச்சி பிடித்துக் காட்ட முட்டை இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். இருப்பது ஒரு தகடு. ஆள் இல்லாத வெறும் இடத்துக்கு எப்படித் தெளிவு வைப்பது?

“இலையை மூஞ்சிக்கு ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பா” என்று சொல்லிவிட்டு இசக்கித்தாய் இலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அந்தக் கைரேகை துலங்கும்வரை மருதப்பன் காமிராவைத் திருகினார்.

“போதும், கையை எடு.”

அவள் எடுக்கவில்லை.

“சுடுதுங்க” என்றாள்.

வெறும் காற்றில் அவள் விரல்கள் ஒரு நெற்றியின் வளைவைத் தடவின. பிறகுதான் கை கீழே இறங்கியது.

படம் எடுத்ததும் இருவருமாக இருட்டறைக்குள் போனார்கள். மருதப்பன் தாழ்ப்பாள் போட்டார். “நான் சொல்லாமக் கதவைத் திறந்துராத. வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு.”

தட்டில் மருந்து அலம்பியது. கறுப்பு வெள்ளையாக விழும் தகட்டில் முதலில் ரெட்டைச் சடை வந்தது, வெள்ளை வெளேரென்று. பிறகு நெற்றி. பிறகு ஒரு கண். இன்னும் ஒரு நிமிஷம், பிள்ளை முழுசாக வந்துவிடுவாள்.

கதவு தட்டப்பட்டது.

தாழ்வாக, இடுப்பு உயரத்தில்.

“அம்மா.”

வளையல் மரத்தில் உரசும் சத்தம் கேட்டது.

“அம்மா, இருட்டா இருக்கு. கதவைத் திற.”

அம்மை போட்டிருந்த கடைசி மூன்று நாளும் பேச்சி கேட்டது இதைத்தான். வெளிச்சமும் காற்றும் படக்கூடாதென்று பின்கட்டு அறையைச் சாத்தி வேப்பிலை கட்டியிருந்தார்கள். இசக்கித்தாய் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, வாயில் சேலையை அடைத்துக்கொண்டு, திறக்காமலே இருந்தாள். மூன்றாம் நாள் கூப்பிடுவது நின்றுபோனது.

“ஏட்டி, வேண்டாம்” என்றார் மருதப்பன்.

அவள் திறந்துவிட்டாள். எந்தத் தாய்தான் இரண்டாம் தடவையும் திறக்காமல் இருப்பாள்?

வெயில் உள்ளே பாய்ந்தது. வெளியே யாரும் இல்லை. தட்டில், அப்போதுதான் தெளிந்து வந்த சின்ன உதடுகள் கறுத்தன. கண் கறுத்தது. தகடு முழுவதும் கரிபோல ஆயிற்று. மருதப்பன் தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பெருமாள்சாமி வந்து முதல் படத்தைப் பார்த்துக் குதூகலப்பட்டார். “முட்டை தத்ரூபமா விழுந்திருக்கு! இலையைப் புடிச்சிருக்கது யாரு?”

“எம் மக.”

“கை ஆடாம நல்லாப் புடிச்சிருக்கா. கெட்டிக்காரி.”

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டு மருதப்பன் உள்ளே போய்விட்டார்.

அதன்பின் அந்த இருட்டறைக் கதவை அவர்கள் சாத்தவேயில்லை. சாத்தாத அறையில் படம் கழுவ முடியாதாகையால் தொழிலும் நின்றது. சித்திரையில் கரிசல் காடெல்லாம் செடி பிடுங்கி வெட்டவெளியாகக் கிடந்தது. தேடினாலும் ஒரு பச்சைப் பருத்தி இலை கிடைக்காது.

இருந்தும் விடியும்போதெல்லாம் அந்த நிலைப்படியில் ஒரு இலை, அடிப்புறம் மேலாகக் கிடக்கும். நடுவில் ஒற்றை முடியில் ஒற்றை முட்டை நிற்கும். இசக்கித்தாய் குனிந்து, இலையின் ஓரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள்.

“இன்னும் காய்ச்சல் விடலைங்க” என்பாள்.